நெட்டிலிங்க வரிசையில் பூச்செடி வைக்கலாமா?

கேள்வி: செங்கல்பட்டு அருகே எங்கள் வீட்டின் மேற்கு மதிலை ஒட்டி ஐந்தடிக்கு ஒன்றாக நெட்டிலிங்கம் உயர்ந்து நிற்கிறது. கீழே வெறிச்சென்று இருக்கிறது. இடையிடையே வைத்த ரோஜாவும் மல்லிகையும் பிழைக்கவில்லை. வேறு என்ன பூச்செடி வைக்கலாம்?

பதில்: ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் நல்ல வெயில் வேண்டும். அதைவிடப் பெரிய இடைஞ்சல் மண்ணுக்குள் இருக்கிறது. ஐந்தடி இடைவெளியில் மரங்களின் வேர்கள் பின்னிக்கொண்டிருக்கும். அங்கே குழி வெட்டி எரு போட்டு ஊற்றும் தண்ணீரை முதலில் மரம்தான் குடிக்கும். அதனால் மரங்களுக்கு நடுவில் வைக்கவே வேண்டாம். வீட்டுப் பக்கமாக, அடிமரத்திலிருந்து நான்கடி தள்ளித் தனி வரிசை போடுங்கள். வாசலிலிருந்து பார்த்தால் மரங்களுக்கு இடையில் பூத்திருப்பதாகவே தெரியும்.

மேற்கு மதில் என்பது உங்களுக்கு நல்ல வசதி. காலை வெயில் விழும், பிற்பகல் சூட்டை மரங்களே தடுத்துவிடும். ஒரு நாள் காலை ஒன்பது மணிக்கும் உச்சியிலும் நிழல் எங்கே விழுகிறது என்று பாருங்கள். நான்கு மணி நேரமாவது நேர் வெயில் படும் இடத்தில் இட்லிப் பூவும் செம்பருத்தியும் வரும். வீட்டு நிழல் விழும் பகுதிக்கு நந்தியாவட்டை, கனகாம்பரம், டிசம்பர் பூ. என்னைக் கேட்டால் நந்தியாவட்டைதான் முதலில். அரை நிழலிலும் சளைக்காமல் பூக்கும். கரும்பச்சை இலைகளுக்கு முன்னால் அந்த வெள்ளை பளிச்சென்று எடுக்கும். அரளி வேண்டாம், நிழலில் நெட்டையாக வளருமே தவிரப் பூக்காது.

இட்லிப் பூ வைக்குமுன் மண்ணைக் கிளறிப் பாருங்கள். மதில் கட்டியபோது கொட்டிய சிமெண்ட் கலவையும் சுண்ணாம்பும் இன்னும் கிடந்தால் மண்ணில் காரத்தன்மை ஏறிவிடும். அப்போது இளந்தளிர் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி (இரும்பு சல்பேட் உப்பு) கலந்து மாலையில் தெளித்தால் தேறும். ஆனால் அந்தக் கலவைக் கழிவை அள்ளி அப்புறப்படுத்தாவிட்டால் மறுபடியும் வரும்.

நடவைப் புரட்டாசிக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவமழையில் செடி வேர் பிடித்துவிடும். ஒன்றரை அடிக் குழி, செடிக்குச் செடி மூன்றடி. தோண்டும்போது கட்டைவிரலைவிடத் தடித்த வேர் தட்டுப்பட்டால் வெட்டாதீர்கள், குழியை அரையடி நகர்த்துங்கள். மக்கிய தொழு உரத்தோடு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு போதும். வெளியிலிருந்து மண் கொண்டுவந்து மரத்தடியை உயர்த்திவிடாதீர்கள், அடிப்பட்டை அழுகும்.

முதல் கோடைதான் சோதனை. மேலாகத் தெளிப்பதைவிட, மூன்று நாளுக்கு ஒருமுறை பாத்தி நிறைய ஊறவிடுங்கள். உதிரும் நெட்டிலிங்க இலையைக் கூட்டி எரிக்காமல், தண்டில் படாதபடி மூடாக்காகப் பரப்பலாம். குயிலும் வௌவாலும் நெட்டிலிங்கப் பழத்தைத் தின்று போட்ட விதைகள் அந்த மூடாக்குக்குள் முளைக்கும். ஒரு சாண் உயரம் வருவதற்குள் கையாலேயே பிடுங்கிவிடுங்கள்.