அணை நிறைய தண்ணீர், ஆனால் வேண்டாம்!

கேள்வி: ஒரத்துப்பாளையம் அணையில் தண்ணீர் தேக்கவே கூடாது என்று விவசாயிகளே போராடினார்களாமே, நிஜமா? (வாசகி, தாராபுரம்)

பதில்: நிஜம்தான். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து காவிரியில் சேரும் நொய்யலின் குறுக்கே 1992-ல் பாசனத்துக்காகக் கட்டிய அணை அது. திருப்பூர் சாயக்கழிவெல்லாம் அங்கே போய்த் தேங்க, சுற்றுவட்டாரக் கிணறுகளும் உப்பாகி, தென்னை காய்ந்து, மாடுகூட வாய் வைக்காத நிலை. அந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பலரும் நிறத்தைத்தான் பார்க்கிறார்கள். நிஜ வில்லன் உப்பு! பருத்தித் துணியில் சாயம் ஒட்டவே கிலோக்கணக்கில் உப்பு போட வேண்டும், அது துணியில் தங்காது, அப்படியே கழிவுநீரோடு வெளியே வரும், சாதாரணச் சுத்திகரிப்பில் நிறம் போகுமே தவிர உப்பு போகாது. கண்ணாடி மாதிரி தெளிவாக இருந்தாலும் பயிருக்கு ஆகாது.

அப்புறம் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாமல், ஆர்.ஓ.வில் வடிகட்டி, மிச்சத்தைக் காய்ச்சி, உப்பையும் எடுத்துத் திரும்பப் பயன்படுத்தினால்தான் ஓட்டலாம் என்றானது. கரண்ட் செலவு எக்கச்சக்கம்தான். சரி, அதுவரை அந்தச் செலவை விவசாயி அல்லவா கட்டிக்கொண்டிருந்தார்?