டியூப்லைட்டில் தூங்காத கலாஞ்சோ

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "போன வருஷம் தை மாசம் சிவப்புப் பூவோடு கலாஞ்சோ வாங்கினேன். அரையடிதான் இருந்தது. பூ உதிர்ந்தபின் மொட்டே இல்லை. ஹால் ஜன்னலில் வைத்து டி.ஏ.பி. உரமும் போட்டேன். தண்டு நீண்டு சாய்கிறது. என்ன குறை?"

குறை அந்த ஹால் ஜன்னலில்தான் இருக்கிறதம்மா. ராத்திரி பதினொரு மணி வரை உங்கள் டியூப்லைட், அதற்கப்புறம் விடியும்வரை தெருவிளக்கு. கலாஞ்சோ நீண்ட இருட்டை எண்ணிப் பூக்கும் செடி. பூர்வீகம் மடகாஸ்கர். ஜெர்மனியைச் சேர்ந்த ராபர்ட் பிளாஸ்ஃபெல்ட் 1932-இல் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். செடிகள் எப்படி ராத்திரியை அளக்கின்றன என்று ஆராய்ந்தவர்களுக்கு அன்றிலிருந்து இது செல்லப்பிள்ளை. நடுராத்திரியில் சில நிமிஷம் வெளிச்சம் பட்டாலே போதும், அதுவரை எண்ணிய இருட்டெல்லாம் வீண். மார்கழியில் சென்னைப் பகல் பதினொன்றரை மணி நேரம்கூட இல்லை. வெளிச்சம் படாத மொட்டைமாடி மூலையில் இருந்தால் தானாகவே மொட்டு வைத்திருக்கும்.

டி.ஏ.பி.யை நிறுத்துங்கள். சதைப்பற்றுச் செடிக்கு அது விருந்தல்ல, வேர் கருகும்.

இப்போதே தண்டைப் பாதிக்கு வெட்டிவிடுங்கள், பக்கக் கிளை வரும். வெட்டிய நுனிகளை ரெண்டு நாள் நிழலில் உலரவிட்டு மணலும் கொக்கோபீட்டும் (தேங்காய் நார்த்தூள்) கலந்த தொட்டியில் நட்டால் நாலைந்து கன்று. நர்சரியில் பெரும்பாலும் வளர்ச்சியை அடக்கும் மருந்து தெளித்துத்தான் அந்தக் குட்டை உருவத்தைக் காப்பாற்றுகிறார்கள். வீட்டில் காலை வெயில் நாலு மணி நேரம் கிடைத்தால் ஓரளவு அடங்கி நிற்கும், அவ்வளவுதான்.

ஐப்பசி மழை வந்து ராத்திரி வெக்கை தணிந்ததும் வேலையை ஆரம்பியுங்கள். சாயங்காலம் ஐந்து மணிக்குச் செடிமேல் ஒரு அட்டைப்பெட்டியைக் கவிழ்த்து, காலை ஏழுக்கு எடுங்கள். பகலில் வழக்கமான வெயில் வேண்டும். ஆறு வாரம், ஒரு நாளும் தவறாமல். நான் ஒருமுறை கல்யாணத்துக்கு ஊருக்குப் போய் நாலு நாள் விட்டேன், அந்த வருஷம் பூ இல்லை. ஒழுங்காகச் செய்தால் தை கடைசியில் பூ பார்க்கலாம்.

தண்ணீர், மேல்மண் ரெண்டு அங்குலம் காய்ந்தபிறகு மட்டும். அடைமழையில் தொட்டியை உள்ளே எடுத்துவிடுங்கள். ஊறினால் தண்டு அழுகி கூழாகிவிடும். லாரிப் புழுதியும் உப்புக்காற்றும் உங்கள் பக்கம் ஜாஸ்தி, வாரம் ஒருமுறை ஈரத்துணியால் இலையைத் துடைத்துவிடுங்கள். இலை இடுக்கில் வெள்ளைப் பஞ்சு மாதிரி மாவுப்பூச்சி தெரிந்தால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றியெடுங்கள்.

இன்னொன்று. காசிமேட்டு மீன் வாசத்துக்கு வீட்டுக்குள் நுழையும் பூனை உங்களுக்கும் இருக்குமே, அதற்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். இதைத் தின்றால் பூனைக்கும் நாய்க்கும் வாந்தி, பேதி வரும். நிறையத் தின்றுவிட்டால் இதயத்துடிப்பே கெடும்.