சின்ன கார், சின்ன படகு: முன்பாரம் பார்த்தீர்களா?

காட்பாடி வாசகர் ஒருவரின் கேள்வி: "என்னிடம் 1.2 லிட்டர் பெட்ரோல் எஞ்சின் கொண்ட சிறிய கார் இருக்கிறது. 12 அடி ஃபைபர் படகு ஒன்றும், 8 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டாரும் வாங்கியிருக்கிறேன். டிரெய்லரோடு சேர்த்து 250 கிலோ வரும் என்கிறார்கள். மழைக்காலத்தில் காவேரிப்பாக்கம் ஏரி வரை இழுத்துச் செல்ல ஆசை. காரில் என்னென்ன மாற்ற வேண்டும்? எஞ்சின் தாங்குமா?"

எஞ்சின் தாங்கும். நான்கு பேரையும் கல்யாண வீட்டுச் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு போகும் கார், சக்கரத்தில் உருண்டு வரும் 250 கிலோவை இழுக்காமல் போகாது. என் கவலை வேறு. பின்னால் வரும் அந்தப் பாரம் உங்கள் காரைத் தள்ளும், தூக்கும், ஆட்டும். தயாரிப்பு என்பது இந்த மூன்றுக்கும்தான்.

முதலில் செலவில்லாத வேலை. காரோடு வந்த கையேட்டை எடுத்து, டிரெய்லர் இழுக்கலாமா என்று பாருங்கள். நம் ஊரில் விற்கும் சிறிய கார்கள் பலவற்றில் இழுக்கக் கூடாது என்றே எழுதியிருக்கும். உங்களுடையதும் அப்படியென்றால் மேற்கொண்டு படிக்க வேண்டியதில்லை. ஆண்டுக்கு நான்கு முறை போவதற்கு குட்டி யானை என்கிற சிறிய சரக்கு வண்டியை வாடகைக்குப் பிடித்துப் படகை ஏற்றிவிடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றுமில்லை.

அனுமதி உண்டு என்றால் அடுத்த நடை வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. அதற்கும் பதிவு வேண்டும். உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு முரணாகக் காரை மாற்றுவதை அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு தடுக்கிறது. பட்டறைக்குப் போகும் முன்பே அலுவலகத்திலும் காப்பீட்டு நிறுவனத்திலும் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். விபத்துக்குப் பிறகு கேட்டால் பதில் உங்களுக்குச் சாதகமாக இருக்காது. ஏரியில் படகு இறக்க நீர்வளத் துறையின் அனுமதியும் வேண்டும். மீன்பிடி குத்தகைக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது.

இனி எடை. "வரும் என்கிறார்கள்" என்பது கணக்கு இல்லை. படகு, மோட்டார், நிரப்பிய பெட்ரோல் டேங்க், நங்கூரம், மிதவைச் சட்டைகள் எல்லாவற்றோடும் எடைமேடையில் ஏற்றுங்கள். மூடாமல் மழையில் நின்ற படகில் தேங்கும் தண்ணீர் லிட்டருக்கு ஒரு கிலோ. 300 கிலோவைத் தாண்டினால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தனி பிரேக் இல்லாத டிரெய்லருக்குப் பிரிட்டனில் உள்ள உச்சவரம்பு, வெறும் காரின் எடையில் பாதி அல்லது 750 கிலோ, இரண்டில் எது குறைவோ அது. நம் சாலைக்கு, நம் சிறிய காருக்கு, காரின் எடையில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன்.

எடையைவிட முக்கியம், அது எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது. இதை மாட்டு வண்டிக்காரர்களிடம் கேட்டால் போதும். முன்பாரம் அதிகமானால் மாட்டின் கழுத்து அழுந்தும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி எழும்பி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். டிரெய்லரிலும் அதே கதைதான். முன்பாரம் கூடினால் காரின் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் எழும்பும். உங்கள் கார் முன்சக்கரத்தால் ஓடுவது. எழும்பினால் ஸ்டியரிங்கும் பிடிப்பும் போகும். பின்பாரம் கூடினால் அதைவிட மோசம்: வேகம் ஏற ஏற டிரெய்லர் வாலை ஆட்டத் தொடங்கி, காரையும் சேர்த்து ஆட்டும். படகின் பின்முனையில் மோட்டார் தொங்குவதால் உங்களுக்கு இந்த ஆபத்தே அதிகம்.

மொத்த எடையில் 5 முதல் 10 சதவீதம், டிரெய்லரின் முன்முனையில் காரோடு மாட்டும் இணைப்பின் மேல் விழ வேண்டும். 300 கிலோவுக்கு 15 முதல் 30 கிலோ. வீட்டில் உடல் எடை பார்க்கும் கருவியே போதும்: சமதரையில் டிரெய்லரை நிறுத்தி, காரில் மாட்டும் உயரத்துக்கு ஒரு கட்டையை அந்தக் கருவியின் மேல் நிறுத்தி, இணைப்பை அதில் இறக்கிப் பாருங்கள். குறைந்தால் பெட்ரோல் டேங்கையும் நங்கூரத்தையும் முன்னால் தள்ளுங்கள். போதாவிட்டால் படகையே முன்னால் நகர்த்துங்கள். இணைப்பின் மேல் விழும் இந்தப் பாரம் டிக்கியில் வைத்த சாமானுக்குச் சமம், எனவே டிக்கி காலியாக இருக்கட்டும். பின்சக்கரக் காற்றை, கதவோரம் ஒட்டியிருக்கும் அட்டவணையில் முழுப் பாரத்துக்குச் சொன்ன அளவுக்கு ஏற்றுங்கள்.

டிரெய்லரை மாட்டக் காரின் பின்னால் பொருத்தும் இரும்புச் சட்டமான டோபார் விஷயத்தில் சிக்கனம் வேண்டாம். சிறிய காருக்கு லாரி போலத் தனிச் சட்டகம் கிடையாது, உடலே சட்டகம். அழகுக்காக பம்பரில் மாட்டி விற்கும் கொக்கியும், பழுதான காரைக் கட்டி இழுக்கத் திருகும் வளையமும் டிரெய்லருக்கானவை அல்ல. பட்டறையில் தகட்டின் மேல் வெல்டிங் வைத்த டோபாரோடு ஒரு கார் என்னிடம் வந்தது. தகடு அப்பளம் போலக் கிழிந்திருந்தது. உங்கள் காருக்கென்றே செய்த, அடிப்பாகத்தின் நீள விட்டங்களில் போல்ட் போட்டு மாட்டும் டோபார் வேண்டும். அதன் நுனியில் டிரெய்லர் இணைப்பு உட்காரும் பந்தின் அளவையும் பாருங்கள். ஐரோப்பிய அளவு 50 மில்லிமீட்டர், அமெரிக்க அளவு 2 அங்குலம், அதாவது 50.8. கண்ணுக்குத் தெரியாத வித்தியாசம்தான், ஆனால் அமெரிக்க இணைப்பு 50 பந்தின் மேல் தளர்வாக உட்கார்ந்து, பள்ளத்தில் குதித்துக் கழன்றுவிடும். கழன்றாலும் முனை தரையில் குத்தாதபடி இரண்டு சங்கிலிகளை இணைப்பின் கீழே குறுக்காக மாட்டுங்கள்.

டிரெய்லர் விளக்குகளுக்காகக் காரின் வயரைச் சீவி முறுக்காதீர்கள். இன்றைய கார்களில் விளக்குகளைக் கணினிப் பெட்டியே கவனிக்கிறது. தனி ரிலே வழியாக பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்கச் சொல்லுங்கள்.

பிரேக் பேடும் பிரேக் எண்ணெயும் புதிதாக இருக்கட்டும். தேசிய நெடுஞ்சாலை 48 அகலமாக இருக்கிறதே என்று 80இல் போகாதீர்கள். 60இல் இருப்பதைவிட 80இல் நிறுத்த வேண்டிய ஆற்றல் ஏறக்குறைய 1.8 மடங்கு. வால் ஆடினால் பிரேக்கை அழுத்தாமல், ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரை மெல்ல விடுங்கள். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளுக்கு இந்தக் கூட்டணியைக் கொண்டுபோகும் எண்ணமே வேண்டாம்.

பலரும் பார்க்காமல் விடுவது டிரெய்லர் சக்கரம். ஆட்டோவின் 4.00-8 டயர் போட்டிருந்தால், காரின் சக்கரம் இரண்டு சுற்று சுற்றும்போது அது மூன்று சுற்று சுற்றும், பேரிங் சூடாகும். பாலாறு அணைக்கட்டுக் கால்வாயில் தண்ணீர் வந்து ஏரி நிரம்பும் வரை டிரெய்லர் மாதக்கணக்கில் சும்மா நிற்கும் என்பதால், முதல் பயணத்துக்கு முன் டயர் வெடிப்பும் கிரீஸும் பாருங்கள். ஏரிக்கரையில் போய் நின்றதும் சக்கரத்தின் நடுவே கை வையுங்கள். சுட்டால் அரை மணி நேரம் காத்திருங்கள். சூடான பேரிங் தண்ணீரில் இறங்கினால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி ஏரித் தண்ணீரை உள்ளே இழுத்துவிடும், கிரீஸ் கெட்டுவிடும். அந்த அரை மணியில் விளக்கு பிளக்கைக் கழற்றி வையுங்கள், ஒரு கல்லையும் தேடி வையுங்கள். சேற்றுக் கரையில் அரைக் கிளட்சில் காரை நிறுத்திக்கொண்டு படகை ஏற்றினால் கிளட்ச் ஒரே நாளில் கருகிவிடும். அந்த வேலையைச் சக்கரத்துக்குக் கீழே வைத்த கல் செய்யட்டும்.