கோரையை வேரோடு பிடுங்கிப் பாருங்கள்: கேள்வி பதில்

சேலம் வட்டாரத்தில் செடிகொடிகளைக் கவனித்து வருபவர்கள் கோரைகளைப் பற்றி அனுப்பிய கேள்விகளுக்கு, தாவரவியல் நடத்தி ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் பதில் தருகிறார்.

ஓமலூரிலிருந்து: டீச்சர், தண்டை விரலில் உருட்டிப் பார்த்தாலே புல்லா கோரையா என்று தெரிந்துவிடும் என்கிறார்களே, சரிதானா?

முக்கால்வாசி சரி. கோரைத் தண்டு பெரும்பாலும் மூன்று பட்டையாக இருக்கும், விரலில் உருளாமல் தட்டும். பிளேடால் குறுக்கே வெட்டினால் உள்ளே வெள்ளைச் சோறு அடைத்திருக்கும். புல்லுக்குக் கணு உண்டு, கணுவுக்குக் கணு பெரும்பாலும் குழலாக இருக்கும். ஆனால் நான் அதிகம் நம்புவது இலையுறையை, அதாவது தண்டைச் சுற்றியிருக்கும் இலையின் அடிப்பகுதியைத்தான். புல்லில் அது பொதுவாக ஒரு பக்கம் பிளந்திருக்கும். கோரையில் தண்டைச் சுற்றி மூடிய குழாய். கோரைக்கு இலைகள் மூன்று வரிசை, புல்லுக்கு இரண்டு.

ஆத்தூரிலிருந்து: வயலில் மூன்று விதமாகக் கோரை வருகிறது. எல்லாவற்றையும் ஒரே பெயரில்தான் கூப்பிடுகிறோம். எது எது என்று எப்படிப் பிரிப்பது அம்மா?

ஐயா, நெல் வயலில் அடிக்கடி பார்க்கிற மூன்றைச் சொல்கிறேன், ஒத்துப் பாருங்கள். பூங்கொத்து உருண்டை உருண்டையாக நெருங்கித் திரண்டிருந்தால் சைப்பரஸ் டிஃபார்மிஸ். மஞ்சளாக, கதிர்கள் விலகி விலகிப் பிரிந்திருந்தால் சைப்பரஸ் இரியா. மூன்றாவதின் அடிப்பகுதியைப் பாருங்கள். இலைகள் விசிறிபோலத் தட்டையாக விரிந்து, மேலே சின்னச் சின்னப் பழுப்பு மணிகள் தனித்தனிக் காம்பில் நின்றால் அது ஃபிம்பிரிஸ்டைலிஸ் மிலியேசியா. இதன் தண்டு நாலைந்து பட்டை. மூன்று பட்டை என்ற கணக்கை வைத்துக்கொண்டு இதைப் புல் என்று தள்ளிவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இந்த மூன்றுக்கும் கிழங்கு கிடையாது, விதையில்தான் பரவும். அதனால் விதை முற்றும் முன் களை எடுத்தால் பலன் உண்டு. வரப்போரத்தில் கிழங்குக் கோரை இருந்தால் கதையே வேறு. மேலே இழுத்தால் தண்டுதான் கையோடு வரும், கிழங்கு மண்ணிலேயே தங்கி மறுபடி முளைக்கும்.

வாழப்பாடியிலிருந்து: நலங்கு மாவுக்காகத் தோட்டத்தில் கோரைக்கிழங்கு தோண்டினேன். ஆனால் வாசமே இல்லை. வேறு எதையாவது எடுத்துவிட்டேனா?

எடுத்திருக்க வாய்ப்பு உண்டு. முத்தக்காசு என்றும் சொல்கிற சைப்பரஸ் ரோட்டண்டஸ்தான் உங்களுக்கு வேண்டியது. மண்வெட்டியால் ஒரு பிடி மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசிப் பாருங்கள். மெல்லிய கம்பிபோன்ற வேர்த்தண்டில் கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சங்கிலிபோலக் கோத்திருக்கும். முற்றியதன் தோல் கருத்திருக்கும். நகத்தால் கீறினாலே வாசம் தூக்கும். பூங்கதிர் செம்பழுப்பு.

இதற்கு அசல் தங்கைபோல இருப்பது சைப்பரஸ் எஸ்குலெண்டஸ். அதில் ஒவ்வொரு வேர்த்தண்டின் நுனியிலும் ஒரே ஒரு கிழங்கு, சங்கிலி இல்லை. கதிர் வைக்கோல் நிறம், இலை இளம்பச்சை, நுனிவரை மெல்ல மெல்லக் கூர்மையாகும். ரோட்டண்டஸ் இலை கரும்பச்சை, நுனிக்கு வந்ததும் சட்டென்று குறுகும். எஸ்குலெண்டஸ் கிழங்கு இனிக்கும், மற்றது கசக்கும். ஆனாலும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டாம் அம்மா, களைக்கொல்லி அடித்த நிலமாக இருக்கலாம். மூக்கு போதும்.

கன்னங்குறிச்சியிலிருந்து: ஏரி ஓரத்தில் இலையே இல்லாமல் பச்சைக் குச்சிகள் கூட்டமாக நிற்கின்றன. அழுத்தினால் படபடவென்று உடைகிறது. இது பாய்க்கோரையா?

இல்லை. பாய் நெய்கிற கோரையின் பூங்கொத்து உச்சியில் குடைபோல விரியும், அழுத்தினால் படபடக்காது. நீங்கள் பார்ப்பதன் உள்ளே குறுக்குத் தடுப்புகள் உண்டு, அந்தச் சத்தம் அதனால்தான். ஆனால் தடுப்புள்ளவையிலேயே இரண்டு இருக்கின்றன. பூங்கதிர் ஒன்றே ஒன்றாகக் குச்சியின் உச்சியில் நின்றால் எலியோகாரிஸ் டல்சிஸ். குச்சியின் பக்கவாட்டில், பாதிக்கும் கீழே, கொத்தாக ஒட்டிவைத்தது மாதிரி இருந்தால் ஷோனோபிளெக்டியெல்லா ஆர்டிகுலேட்டா. கொத்துக்கு மேலே தண்டு தொடர்வதுபோலத் தெரிகிறதே, உண்மையில் அது தண்டே இல்லை. நிமிர்ந்து நிற்கிற பூவடிச் செதில், அதாவது பூங்கொத்தின் அடியிலிருந்து வரும் இலை. முதல்முறை இதைப் புரிந்துகொண்ட அன்று நான் ஏரிக்கரையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு குச்சியாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏற்காட்டிலிருந்து: காபித் தோட்டப் பாதையில் வெள்ளைப் பொத்தான் மாதிரி பூ. அதே மாதிரி பச்சைப் பொத்தானும் இருக்கிறது. ஒரே செடியா டீச்சர்?

இரண்டும் கைலிங்கா என்ற கோரை வகை, ஆனால் வேறு வேறு இனம். வெள்ளை, கைலிங்கா நெமோராலிஸ். பச்சை, பெரும்பாலும் கைலிங்கா பிரெவிஃபோலியா. நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம் தம்பி, வெள்ளையும் காய்ந்தால் பழுப்பாகிவிடும். பத்து மடங்கு லென்ஸில் ஒரு செதிலைப் பிரித்துப் பாருங்கள். நெமோராலிஸ் செதிலின் நடுமுதுகில் மெல்லிய இறக்கைபோல ஒரு விளிம்பு இருக்கும். மற்றதில் அந்த இறக்கை இருக்காது. கைலிங்காவை இப்போது பலர் சைப்பரஸோடு சேர்த்துவிட்டார்கள், அதனால் புத்தகத்துக்குப் புத்தகம் பெயர் மாறும். குழம்ப வேண்டாம்.

சேலம் டவுனிலிருந்து: போட்டோ அனுப்பினால் பெயர் சொல்வீர்களா?

சொல்கிறேன், ஆனால் தூரத்திலிருந்து எடுத்த பச்சைப் புதர் வேண்டாம். கழுவிய வேர், வெட்டிய தண்டு, பூங்கொத்து, அதன் கீழுள்ள நீள இலைகள், உள்ளங்கையில் உதிர்த்த முற்றிய விதை, இந்த ஐந்தும் வேண்டும். விதை மூன்று பட்டையா, இரண்டு பக்கம் தட்டையா என்பது தெரிந்தாலே பாதி வேலை முடிந்துவிடும். பக்கத்தில் ஒரு ஸ்கேல் வையுங்கள்.