அக்கா போன் செய்யும்வரை காத்திருக்க வேண்டாம்

கேள்வி: எனக்கு 44 வயது. அம்பத்தூரில் தனியார் கம்பெனி வேலை, கைக்கு 68,000 ரூபாய் வருகிறது. அம்மாவுக்கு 78. நான்கு வருடத்துக்கு முன் பக்கவாதம் வந்து படுத்த படுக்கை. மன்னார்குடி வீட்டில் அக்காதான் பார்த்துக்கொள்கிறாள். அவளுக்கு 51, கல்யாணம் ஆகவில்லை. அம்மாவுக்காகப் பள்ளிக்கூட வேலையையும் விட்டுவிட்டாள். அப்பா அரசுப் பள்ளி ஆசிரியர் என்பதால் அம்மாவுக்குக் குடும்பப் பென்ஷன் 14,000 வருகிறது. பற்றாதபோது அக்கா போன் செய்வாள், நான் பர்சனல் லோன் போட்டு அனுப்புவேன். மூன்று வருடத்தில் 1,10,000, 70,000, 60,000. கடைசியாக எட்டு மாதம் முன்பு, படுக்கைப் புண் சீழ் பிடித்து ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது 1,60,000. முதல் கடன் முடிந்தது. மீதி மூன்றுக்கும் சேர்த்து இ.எம்.ஐ. 10,100. துபாயில் இருக்கும் தம்பி, "அதான் பென்ஷன் வருதே" என்கிறான். அக்கா பெயரில் மாதம் 5,000 கட்டும் உத்தரவாத வருமானத் திட்டம் போடச் சொல்லி பேங்கில் ஒருவர் விடாமல் கூப்பிடுகிறார். போடலாமா? மனைவியின் நகையை அடகு வைத்துக் கடனை அடைத்துவிடலாமா? (2 லட்சம் பிக்சட் டெபாசிட் இருக்கிறது. 5,000 ரூபாய் நகைச் சீட்டு போகிறது. அக்கா எழுதித் தந்த மாதச் செலவை இணைத்திருக்கிறேன்.)

பதில்: நகை பெட்டியிலேயே இருக்கட்டும். பேங்க் நண்பருக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் அக்காவின் பட்டியல்.

பகலுக்கு மட்டும் வரும் ஆயா 9,000. மருந்து 3,500. பிசியோதெரபி வாரம் இரண்டு முறை, 2,400. மளிகை, பால், கேஸ், கரண்ட் 7,000. டயப்பர், பஞ்சு, பவுடர் 1,400. ஆக மொத்தம் 23,300. டயப்பர் வரிக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் 'ராத்திரிக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறார். பகலில் பழைய புடவைத் துணி போலிருக்கிறது. அவருக்கென்று அந்தத் தாளில் ஒரு வரி கிடையாது, செருப்பு வாங்கக்கூட.

பகலுக்கும் டயப்பர் போட்டால் என்ன ஆகும்? கூடுதலாக இரண்டு, ஒன்று 35 ரூபாய் என்று வைத்தால் மாதம் 2,100. இந்த 2,100-ஐக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் அக்கா துணியில் சமாளித்திருக்கிறார். அந்தப் புண் எதனால் வந்தது என்று சொல்ல நான் டாக்டர் இல்லை. ஆனால் ஈரத்தில் கிடக்கும் உடம்பு புண்ணாகும் என்பது நம் வீட்டுப் பெரியவர்களுக்கே தெரியும். நீங்கள் கட்டிய 1,60,000-க்கு ஆறு வருடத்துக்கு மேல் பகல் டயப்பர் வாங்கியிருக்கலாம்.

அந்த 2,100-ஐயும் சேர்த்தால் மாதச் செலவு 25,400. பென்ஷன் போக 11,400 குறைகிறது. இப்போது உங்கள் பக்கம் வாருங்கள். மூன்று வருடத்தில் அனுப்பியது 4 லட்சம். 36-ஆல் வகுத்தால் மாதம் 11,100 சொச்சம். கிட்டத்தட்ட அதே தொகை! குறைவாகக் கொடுத்தீர்கள் என்று யாரும் உங்களைச் சொல்ல முடியாது. மாதாமாதம் போகவேண்டிய பணத்தை, பாக்கி ஏறி, மெடிக்கல் கடைக்காரர் நோட்டைத் திருப்பிக் காட்டி, ஆயா நாளையிலிருந்து வரமாட்டேன் என்று சொன்ன பிறகு மொத்தமாக அனுப்பியிருக்கிறீர்கள். அதுவும் 15, 16 சதவீத வட்டிக்கு வாங்கி. நான்கு கடனுக்கும் சேர்த்து வட்டி மட்டுமே ஏறக்குறைய 1 லட்சம். பிராசசிங் கட்டணம் தனி. ஆஸ்பத்திரியை விட்டால் மற்ற மூன்றில் எதையும் அவசரம் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆயா சம்பளம் ஒன்றாம் தேதி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்த செய்திதானே?

டெபாசிட்டை உடையுங்கள். 7 சதவீதத்துக்குப் போட்டு வைத்துக்கொண்டு 15-க்கு மேல் வட்டி கட்டுவது எந்த ஊர்க் கணக்கு? மூன்று கடனிலும் அசல் பாக்கி இப்போது சுமார் 1,90,000 இருக்கும். முன்கூட்டியே முடிப்பதற்கான கட்டணத்தைக் கேட்டுக்கொண்டு, கையிருப்புக்குள் அடங்கினால் மூன்றையும் முடியுங்கள். இடித்தால் 1,60,000 கடனையும் 60,000 கடனையும் முடியுங்கள். 70,000 இன்னும் பத்து மாதத்தில் தானாக ஓடிவிடும்.

இ.எம்.ஐ.யாகப் போய்க்கொண்டிருந்த பணம் இனி ஒவ்வொரு மாதமும் 1-ம் தேதி அக்காவின் கணக்குக்கு, அம்மாவின் கணக்குக்கு அல்ல, தானாகப் போகும்படி ஸ்டாண்டிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் கொடுத்துவிடுங்கள். 11,400. பில் கேட்காதீர்கள். உடன்பிறந்தவருக்குக் கொடுக்கும் பணத்துக்கு அவர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை, அந்தப் பயமும் வேண்டாம். இதில் 2,400-ஐக் குறைக்கவும் வழி இருக்கிறது. 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தருகிறார்கள். பக்கத்து அரசு சுகாதார நிலையத்தில் அம்மாவின் பெயரைப் பதியச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரிச் செலவுக்கு முன்னால் அம்மாவின் பென்ஷன் ஸ்லிப்பை ஒருமுறை எடுத்துப் பார்த்தீர்களா? தமிழக அரசின் குடும்பப் பென்ஷன்தாரர்களுக்கு மருத்துவக் காப்பீடு உண்டு. அதற்கு மாதாமாதம் பிடித்தமும் உண்டு. உங்கள் கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. அட்டை எங்கே, மன்னார்குடி, தஞ்சாவூர் பக்கம் எந்தெந்த ஆஸ்பத்திரி பட்டியலில் இருக்கிறது என்று இந்த வாரமே கேட்டு எழுதி வையுங்கள். எல்லாச் செலவும் அதில் அடங்காது. ஆனாலும் முழு 1,60,000-ஐயும் கைக்காசாகக் கட்டியிருக்க வேண்டுமா என்ற சந்தேகம் எனக்குத் தீரவில்லை.

இனி பேங்க் நண்பர். இந்தத் திட்டங்கள் பெரும்பாலும் பத்து வருடம் கட்டச் சொல்லி, அதற்குப் பிறகு வருமானம் தருபவை. அக்காவுக்குப் பணம் வரும்போது 60 தாண்டியிருக்கும். கணக்குப் போட்டுப் பார்த்தால் 5, 6 சதவீதம் நிற்கும். நடுவில் ஒரு வருடம் கட்ட முடியாவிட்டால் அடிமாட்டு விலைதான். 'உத்தரவாதம்' என்ற சொல்லைக் கேட்டதும் நம் ஆட்கள் பேனாவை எடுத்துவிடுகிறார்கள்! வேண்டாம். அதற்குப் பதில் தபால் ஆபீஸில் அக்கா பெயரில் மாதம் 3,000 ஆர்.டி. (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு) போடுங்கள். 6.7 சதவீதத்தில் ஐந்து வருடத்தில் சுமார் 2,14,000 கையில் நிற்கும். மத்திய அரசின் அடல் பென்ஷன் திட்டத்தில் 40 வயதுக்கு மேல் சேர முடியாது என்பதால் அதைத் தேடி அலையவேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. அம்மா காலத்துக்குப் பிறகு அந்த 14,000 என்ன ஆகும்? சொந்த வருமானம் இல்லாத, கல்யாணமாகாத மகளுக்குக் குடும்பப் பென்ஷன் தொடர வழி இருக்கிறது. அப்பாவின் பென்ஷன் ஆவணத்தில் அக்காவின் பெயர் இருக்கிறதா, இல்லையென்றால் என்னென்ன சான்றிதழ் வேண்டும் என்று கருவூலத்தில் போய்க் கேளுங்கள். அம்மா இருக்கும்போதே கேளுங்கள். பிறகு தனியாளாக அக்கா அலைவது கஷ்டம்.

11,400-ம் 3,000-ம் சேர்த்தால் 14,400. இ.எம்.ஐ. விட்ட 10,100 போக 4,300 இடிக்கிறது. பிசியோ இலவசமாக அமைந்தால் 1,900. இந்த நகைச் சீட்டை முடித்ததும் அடுத்ததில் சேராதீர்கள்; அந்த 5,000 இந்தக் குறையை அடைத்துவிடும். தம்பிக்கு அக்காவின் அந்தத் தாளைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், கூட ஒரு வார்த்தையும் எழுதவேண்டாம். அவர் அனுப்பினால் நல்லது. அனுப்பவில்லை என்பதற்காக 1-ம் தேதி போகிற பணத்தை நிறுத்திவைத்து அவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள்; அந்தச் சண்டை முடிகிறவரை மறுபடி புடவைத் துணிதான்.