தை மாதத்துக் குளிரில் ஏன் ஓட வேண்டும்? – கடிதம்

அன்புள்ள அண்ணா,

ஓட்டம் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். நானும் ரொறன்ரோவில், ஸ்காபரோவில்தான் இருக்கிறேன். வயது 41, இரண்டு பிள்ளைகள். என் அக்காவின் மகன் இரத்தப் புற்றுநோய் வந்து இரண்டு வருடம் ஆஸ்பத்திரியும் வீடுமாக இருந்தான். இப்போது சுகமாக இருக்கிறான். அந்த ஆஸ்பத்திரியின் பிள்ளைகள் பிரிவுக்குப் பணம் சேர்ப்பதற்காக மே மாதம் ரொறன்ரோவில் நடக்கும் மரதனுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். 2,500 டொலர் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறேன். இதுவரை 1,140 சேர்ந்திருக்கிறது.

புரட்டாசி, ஐப்பசியில் ஓட ஆசையாக இருந்தது. இப்போது தை. காலையிலும் இருட்டு, வேலையால் வரும்போதும் இருட்டு. போன கிழமை வீட்டு வாசலிலேயே சறுக்கி விழுந்து இடுப்பில் நல்ல அடி. ஒன்பது நாளாக ஓடவில்லை. மாமி சொல்கிறார்: "காசு குடுக்கிறதெண்டால் குடுத்திட்டுப் போகலாம்தானே, இந்தக் குளிருக்குள்ள ஓடி ஏன் பிள்ளை விழுறாய்?" கோபத்தில் சொல்லவில்லை, பயத்தில் சொல்கிறார். ஆனாலும் அதற்கு என்னிடம் பதில் இல்லை. நான் ஓடுவதால் அந்தப் பிள்ளைகளுக்கு என்ன வரப்போகிறது? மே மாதத்தில் என்னால் ஓடி முடிக்க முடியாமல் போனால், காசு தந்தவர்களை ஏமாற்றியது போல ஆகாதா?

பெயர் போட வேண்டாம்.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் இடுப்பு. காலை ஊன்றும்போது வலிக்கிறது என்றால் டொக்டரிடம் காட்டாமல் ஓடாதீர்கள். நொண்டாமல் அரை மணித்தியாலம் நடக்க முடிகிறது என்றால் மெல்ல ஓடத் தொடங்கலாம். ஒன்பது நாள் போய்விட்டதே என்று கவலைப்பட வேண்டாம். ஒன்றிரண்டு கிழமை நின்றால் உடம்பு பெரிதாக எதையும் மறந்துவிடாது. விட்ட நாட்களை ஒரே கிழமையில் பிடிக்கிறேன் என்று கூட்டி ஓடுவதுதான் ஆபத்து.

மாமி கேட்டது நல்ல கேள்வி. அதே கேள்வியை எட்டு வருடத்துக்கு முன் ஒரு மாசி மாதத்தில் என்னிடமும் ஒருவர் கேட்டார்.

அப்போது நான் சிறுநீரக நோயாளிகளுக்காகப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். காலை ஐந்தே முக்காலுக்கு மார்க்கம் வீதியில் ஓடுவேன். லோரன்ஸ் சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு பஸ் தரிப்பு. அங்கே எங்கள் தமிழ் அம்மா ஒருவர் தினமும் நிற்பார். அறுபது வயது இருக்கும். பெரிய கறுப்பு ஜக்கெட், அதற்கு மேலே சால்வை, கையில் சாப்பாட்டுப் பை. தொழிற்சாலையில் விடியற்காலை வேலை. மூன்றாவது கிழமையோ நாலாவது கிழமையோ, கையைக் காட்டி என்னை நிறுத்தி, "தம்பி, என்னத்துக்கு இந்தக் குளிருக்குள்ள ஓடுறீங்கள்?" என்று கேட்டார். சொன்னேன். தலையை ஆட்டினார். பஸ் வந்துவிட்டது.

அடுத்த திங்கட்கிழமை மைனஸ் 19. என் இமையில் மூச்சின் ஈரம் உறைந்து ஒட்டிக்கொண்டிருந்தது. அவர் தரிப்பை விட்டு இரண்டு அடி முன்னால் வந்து நின்றார். கையுறையைக் கழற்றி, அதற்குள்ளே எட்டாக மடித்து வைத்திருந்த இருபது டொலர்த் தாளை எடுத்துத் தந்தார். அந்தத் தாள் அவருடைய உள்ளங்கைச் சூட்டில் இருந்தது. "என்ரை அவர் டயாலிசிஸிலதான் போனவர். எனக்கு ஓட ஏலாது. நீங்கள் ஓடுறதை நான் பார்க்கிறன்தானே" என்றார்.

வருடா வருடம் ஆஸ்பத்திரிகளில் இருந்து காசு கேட்டு வரும் கடிதங்கள் அவருக்கும் வந்திருக்கும். இருபது டொலர் கொடுக்க வழி இல்லாமல் அவர் இருக்கவில்லை. தன் கணவருக்கு வந்த நோய்க்காக ஒரு ஆள் இருட்டில் வெளியே வந்து ஏதோ செய்கிறான் என்பதை அவர் கண்ணால் கண்டார், அதனால் தந்தார். மாமியிடம் நீங்கள் சொல்ல வேண்டியதும் இதுதான் என்று நினைக்கிறேன். நீங்கள் தனியாகக் கொடுத்தால் உங்களால் முடிந்த தொகை மட்டும்தான் போகும். நீங்கள் ஓடினால், உங்களைக் காண்கிற ஆட்களின் காசும் போகும். காசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. ஒருவருக்கு நோய் வந்தால் அதை வீட்டுக்குள் வைத்து மூடுகிற பழக்கம் எங்கள் ஆட்களிடம் நிறைய உண்டு. உங்கள் அக்காவின் மகனைப் பற்றி இந்த ஆறு மாதத்தில் எத்தனை பேரிடம் வாய் திறந்து பேசியிருப்பீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஓடப் போகிறேன் என்று சொல்லாமல் அந்தப் பேச்சை எடுத்திருப்பீர்களா?

எங்கள் ஊரில் மரதன் என்றால் என்னவென்று உங்களுக்கு நினைவிருக்கும். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு முதல், இதே தை, மாசியில்தான் நடக்கும். 42 கிலோமீற்றர் எல்லாம் இல்லை, ஊரைச் சுற்றி ஒரு ஓட்டம். படலைக்கு வெளியே வாளியில் தண்ணீரோடு ஆட்கள் நிற்பார்கள். ஓடுகிறவன் எந்த இல்லம், யாருடைய பிள்ளை என்று பார்க்க மாட்டார்கள், தலையில் ஊற்றிவிடுவார்கள். தோடம்பழத்தைப் பிளந்து கையில் திணிப்பார்கள். பஸ் தரிப்பில் நின்ற அந்த அம்மாவை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாளிதான் ஞாபகம் வருகிறது. ஓடுகிறவனைக் கண்டால் எதையாவது கொடுக்க வேண்டும் என்பது எங்களுக்குள் இருக்கிறது. இங்கே வாளிக்குப் பதிலாகக் கையுறைக்குள் இருபது டொலர்.

சரி, குளிருக்கு வருவோம். மாமியின் பயத்தில் நியாயம் இருக்கிறது. விழாமல் ஓடினால் அந்தப் பயம் பாதி குறையும்.

விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர் இல்லை, உருகி உறைந்த தண்ணீர். பகலில் கொஞ்சம் வெயில் அடித்து, கூரையிலும் டிரைவ்வேயிலும் உருகிய தண்ணீர் வழிந்து, இரவில் கண்ணாடி மாதிரிப் படிந்துவிடும். பார்த்தால் ஈரத் தார் போலத்தான் இருக்கும். வாசலில் விழுந்ததாக எழுதியிருக்கிறீர்கள், அது இந்த வகையாகத்தான் இருக்க வேண்டும். வீதிக்குப் போடும் சாதாரண உப்பும் மைனஸ் பத்துக்குக் கீழே போனால் சரியாக வேலை செய்யாது. அதனால் உப்புப் போட்டிருக்கிறார்கள் என்று நம்பிக் காலை வைக்காதீர்கள். சப்பாத்துக்கு மேலே ரப்பரோடு இழுத்து மாட்டுகிற சிறிய கம்பி முட்கள் விற்கிறார்கள், வாங்குங்கள். அடியைக் குட்டையாக வையுங்கள். மழை பெய்து உறைந்த நாளில் வெளியே போகவே வேண்டாம்.

உடுப்பில் நான் செய்த பிழையைச் சொல்கிறேன். என் முதல் குளிர்காலத்தில் தடித்த பருத்தி பெனியன் போட்டு, அதற்கு மேலே பருத்தி ஸ்வெற்றர் போட்டு ஓடினேன். இருபது நிமிடத்தில் எல்லாம் வியர்வையில் நனைந்தது. பருத்தி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், விடாது. திரும்பி வரும்போது எதிர்க்காற்று. காதுக்கு ஒன்றும் போடவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தால் இடது காது மடல் மெழுகு போல வெள்ளை, தொட்டால் உணர்ச்சி இல்லை. சூடு ஏற ஏற வந்த எரிச்சலில் கண்ணால் தண்ணீர் ஓடியது. இன்றைக்கும் குளிர் பட்டால் முதலில் அந்தக் காதுதான் நோகும்.

அதனால் தோலோடு ஒட்டிய உடுப்பு மெல்லிய கம்பளியாகவோ, வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளுகிற விளையாட்டுத் துணியாகவோ இருக்கட்டும். மேலே காற்றை மறிக்கும் மெல்லிய ஜக்கெட். மிகவும் குளிர்ந்தால் இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று. வெளியே வந்ததும் முதல் பத்து நிமிடம் குளிர வேண்டும். வாசலில் நிற்கும்போதே கதகதப்பாக இருந்தால் உடுப்புக் கூடிவிட்டது என்று அர்த்தம். கைக்கு விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் உறை நல்லது, ஒன்றை ஒன்று சூடாக்கும். கன்னத்திலும் மூக்கிலும் கொஞ்சம் வஸ்லீன். வாயையும் மூக்கையும் மூடத் துணி, இழுப்பு உள்ளவர்களுக்கு அது கட்டாயம். போகும்போது காற்றுக்கு எதிராகப் போய், வரும்போது காற்று முதுகில் படுகிற மாதிரித் திரும்புங்கள், நான் அன்று செய்தது நேர் எதிர். குளிரில் தாகம் தெரியாது, ஆனால் தண்ணீர் குடிக்க வேண்டும். போத்தலை ஜக்கெட்டுக்குள் வையுங்கள், வெளியே வைத்தால் மூடி உறைந்து திறக்காது. வீட்டுக்கு வந்ததும் முதலில் ஈர உடுப்பை மாற்றுங்கள், தேத்தண்ணீர் அதற்குப் பிறகு.

வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்து மைனஸ் 28 என்றோ அதற்குக் கீழே என்றோ சொன்னால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறையலாம். அப்படிப்பட்ட நாளில் உள்ளே ஓடுங்கள். ட்ரெட்மில்லில் ஓடுவதை இரண்டாந்தரமாக நினைக்காதீர்கள், காலுக்கு அதுவும் கிலோமீற்றர்தான். 2015இல் இங்கே நடந்த பான் அம் (அமெரிக்கக் கண்ட நாடுகளின்) விளையாட்டுப் போட்டிகளுக்காக மோர்னிங்சைட்டில் கட்டிய விளையாட்டு மையத்தில் உள்ளக ஓடுபாதை இருக்கிறது, உங்களுக்குத் தூரம் இல்லை. இந்த மாதத்தில் சூரியன் வரவே கிட்டத்தட்ட எட்டு மணி ஆகும். அதனால் கிழமை நாட்களில் உள்ளேயும், நீண்ட ஓட்டத்தை மட்டும் ஞாயிறு பத்து மணிக்கு வெளியே வெளிச்சத்திலும் வைத்துக்கொள்ளலாம். தனியே இருட்டில் ஓடித்தான் ஆக வேண்டும் என்றால் நெற்றி விளக்கும் ஒளி தெறிக்கும் மேலங்கியும் இல்லாமல் போகாதீர்கள்.

மே தொடக்கத்துக்கு இன்னும் பதினைந்து, பதினாறு கிழமை இருக்கிறது. காணும். ஞாயிற்று ஓட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, நாலு கிழமைக்கு ஒருமுறை குறைத்து, போட்டிக்கு மூன்று கிழமைக்கு முன் 30, 32 கிலோமீற்றரைத் தொட்டால் போதும். பங்குனி கடைசியில் ஹமில்ட்டனில் குடாவைச் சுற்றி 30 கிலோமீற்றர் ஓட்டம் ஒன்று நடக்கும். 1894இல் தொடங்கியது, பொஸ்டன் மரதனை விட மூன்று வயது மூத்தது. குளிர்காலம் முழுக்க ஓடிய ஆட்கள் ஒருவரை ஒருவர் காணுகிற இடம் அது. இடம் கிடைத்தால் வாருங்கள்.

கடைசிக் கேள்வி, முடிக்க முடியாமல் போனால் ஏமாற்றியதாக ஆகாதா என்பது. கடிதத்தில் அதைத்தான் நான் அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரெறி ஃபொக்ஸை உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும், பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு செப்டெம்பரும் அவர் பெயரில் ஓடியிருப்பார்கள். 18 வயதில் எலும்புப் புற்றுநோயால் வலது காலை இழந்தவர். புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் சேர்க்கக் கனடாவைக் குறுக்காக ஓடிக் கடக்க நினைத்தார், அதற்கு முன் பதினாலு மாதம் பயிற்சி எடுத்தார். இடையில் 101 நாள் ஒரு நாளும் விடாமல் ஓடியவர், நத்தார் அன்று ஒரு நாள் நின்றார், அம்மா கேட்டுக்கொண்டதற்காக. மாமி ஒரு நாள் "இண்டைக்கு வேண்டாம் பிள்ளை" என்றால் நீங்களும் நிற்கலாம்.

1980 ஏப்ரல் 12ஆம் திகதி நியூஃபவுண்ட்லாந்தில் தொடங்கினார். முதல் நாட்களில் காற்றும் மழையும் பனியும். அந்தத் தீவை விட்டுப் போகும் முன் போர்ட் ஓ பாஸ்க் என்ற ஊருக்கு வந்தார். பத்தாயிரம் பேர் உள்ள ஊர், பத்தாயிரம் டொலருக்கு மேல் கொடுத்தது. தலைக்கு ஒரு டொலர். நாடு முழுவதும் அப்படித் தர வேண்டும் என்பதுதான் பிறகு அவருடைய கனவாக இருந்தது. அவர் ஓடி முடிக்கவில்லை. 143 நாளில் 5,373 கிலோமீற்றர் ஓடி, செப்டெம்பர் 1ஆம் திகதி தண்டர் பேக்குப் பக்கத்தில் நின்றுவிட்டார். நோய் நுரையீரலுக்கு வந்திருந்தது. அடுத்த மாசிக்குள் 24 மில்லியன் டொலருக்கு மேல் சேர்ந்தது, அன்றைய கனடாவின் சனத்தொகைக்குத் தலைக்கு ஒரு டொலர். பசிபிக் கடல்வரை ஓடவில்லையே என்று யாரும் கேட்கவில்லை.

அவரோடு எங்களை ஒப்பிட வரவில்லை. காசு தந்தவர்கள் எதை நம்பித் தந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறேன். உங்களுக்குத் தந்த 1,140 டொலரும் ஆஸ்பத்திரிக்குத்தான் போகிறது. மே மாதத்தில் நீங்கள் 42ஐ ஓடினாலும், 30இல் நின்றாலும் அது பிள்ளைகளுடைய காசு. காசு தந்தவர்களுக்கு நீங்கள் கடமைப்பட்டிருப்பது உண்மையைச் சொல்வதற்கு. ஆகவே இன்று இரவே ஒரு சிறிய கடிதம் எழுதி, காசு தந்த எல்லோருக்கும் அனுப்புங்கள். விழுந்தேன், ஒன்பது நாள் ஓடவில்லை, இடுப்பு இப்படி இருக்கிறது, திரும்ப எப்போது தொடங்குகிறேன் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். அக்காவின் மகன் சம்மதித்தால் அவனைப் பற்றி ஒரு வரி சேருங்கள்.

அந்தக் கடிதத்தை எனக்கும் அனுப்புங்கள். நன்கொடைப் பக்கத்தின் முகவரியை எழுத மறந்துவிட்டீர்கள், அதையும் சேர்த்து அனுப்புங்கள்.

அன்புடன்,
அண்ணா