அலாஸ்கா கப்பலுக்கு முன் ஐந்து இரவு: வாசகர் கேள்வி – பதில்

அலாஸ்கா கப்பலில் ஏறுவதற்கு முன் குடும்பத்தோடு நாலைந்து நாள் தரையில் சுற்றிப் பார்ப்பது பற்றி மதுரை வட்டாரத்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி (அண்ணா நகர், மதுரை): மே மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை இரவு அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் கிளம்பி கனடாவின் வான்கூவர் போகும் ஏழு இரவுக் கப்பலைப் பார்த்து வைத்திருக்கிறோம். நான், மனைவி, 13 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பிள்ளைகள், எழுபதைத் தொடும் அப்பா, அம்மா. அம்மாவுக்கு மூட்டுவலி உண்டு. கப்பலுக்கு முன் நான்கு இரவில் டெனாலி தேசியப் பூங்காவைப் பார்த்துவிட முடியுமா?

பதில்: நான்கு இரவுதான் என்றால் பூங்காவை விட்டுவிடுங்கள். ஐந்து இரவு என்றால் அலுப்பில்லாமல் போய்வரலாம்.

கணக்கை ஊரிலிருந்து கிளம்பும் நாளில் ஆரம்பிக்காமல், கப்பல் கிளம்பும் நாளிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள். உங்கள் ரயில் தாமதம் என்று கப்பல் காத்திருக்காது. கிளம்புவதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்பே செக்-இன் முடிந்துவிடும். ஆகவே வெள்ளிக்கிழமை இரவு, நீங்கள் விமானத்தில் வந்து இறங்கும் ஊரான ஆங்கரேஜில் இருந்தே ஆக வேண்டும். வியாழன் இரவும் அங்கேதான். டெனாலியிலிருந்து மதியம் கிளம்பும் ரயில் இரவு எட்டு மணிவாக்கில்தான் வந்து சேரும். புதன், செவ்வாய் இரண்டு இரவும் பூங்கா வாசலில். திங்கள் இரவு, வந்து இறங்கிய களைப்போடு மறுபடி ஆங்கரேஜ். ஆக ஐந்து.

வெள்ளிக்கிழமை பகல் முழுக்க வீணாகிறதே என்று தோன்றும். அதை வெட்டிவிட்டு வெள்ளி இரவு வந்து சனிக்கிழமையே கப்பல் ஏறுவது போலவோ, இன்னும் ஒரு படி மேலே போய் சனிக்கிழமை காலை டெனாலியிலிருந்து நேரே விட்டியர் போவது போலவோ திட்டம் போட்டுத் தரும் டிராவல்ஸ்காரர்கள் இருக்கிறார்கள். விமானத்தில் வராமல் போன பெட்டி வந்து சேரவும், மழையில் நனைந்த துணியைத் துவைக்கவும், பெரியவர்களின் கால் வீக்கம் வடியவும் அந்த ஒரு நாள்தான் இருக்கிறது. சும்மா இருக்க முடியாதவர்கள் ஆங்கரேஜ் அருங்காட்சியகத்துக்கோ, பழங்குடி மக்களின் வீடுகளை அப்படியே கட்டி வைத்திருக்கும் அலாஸ்கா நேட்டிவ் ஹெரிடேஜ் சென்டருக்கோ போகலாம்.

செவ்வாய்க்கிழமை காலை 8.20க்கு அலாஸ்கா ரயில்ரோடின் 'டெனாலி ஸ்டார்' ஆங்கரேஜில் கிளம்பும். டெனாலிக்கு ஏழரை மணி நேரம். சாலையில் 380 கிலோமீட்டர், நாலரை மணி நேரத்தில் போய்விடலாம். ஆனாலும் ஆறு பேர், அதில் இரண்டு பெரியவர்கள் என்றால் ரயில்தான் சரி. எழுந்து நடக்கலாம், கழிப்பறை உண்டு, தூக்கம் வந்தால் தூங்கலாம். கோடையில் அங்கே மதியம் 12 என்றால் மதுரையில் மறுநாள் அதிகாலை 1.30. முதல் இரண்டு நாள் எல்லோருக்கும் பகலில்தான் கண் சொக்கும். பெரிய பெட்டிகளை ஆங்கரேஜ் ஹோட்டலிலேயே விட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு சின்னப் பையோடு போங்கள். பெட்டி வைத்துக்கொள்வார்களா என்று ரூம் போடும்போதே கேட்டுவிடுங்கள்.

தேதியில்தான் பலரும் சறுக்குகிறார்கள். இந்த ரயில் மே நடுவில்தான் தொடங்குகிறது. பூங்காவின் உள் பஸ்கள் மே 20ஐ ஒட்டித்தான் ஓட ஆரம்பிக்கும். கப்பல்களோ ஏப்ரல் கடைசியிலிருந்தே உண்டு, மே முதல் வாரக் கப்பல் விலையும் குறைவு. நம் பள்ளி விடுமுறைக்கு வாகாக இருக்கிறதே என்று அதைப் பிடித்தால், தரையில் பாதி இடம் பூட்டியிருக்கும். பள்ளிப் பிள்ளைகள் உள்ள தமிழ்நாட்டுக் குடும்பத்துக்கு மே கடைசி இரண்டு சனிக்கிழமைகள்தான் ஒத்துவரும். அதிலும் கடைசிச் சனிக்கிழமை என்றால் பள்ளி திறந்து சில நாள் கழித்துத்தான் வீடு வந்து சேர்வீர்கள்.

பூங்காவுக்குள் 92 மைல் நீளத்துக்கு ஒரே சாலை. சொந்தக் காரில் 15ஆம் மைல் வரைதான் விடுவார்கள். அதற்கு மேல் பூங்காவின் பஸ். 2021இல் பிரெட்டி ராக்ஸ் என்ற இடத்தில் மலைச்சரிவு நகர்ந்து சாலையை இழுத்துக்கொண்டு போனதிலிருந்து, பஸ்கள் 43ஆம் மைலில் ஈஸ்ட் ஃபோர்க் ஆற்றோடு திரும்பிவிடுகின்றன. சரிவின் மேல் பாலம் கட்டுகிறார்கள். நீங்கள் போகும் ஆண்டில் பஸ் எதுவரை போகிறது என்று டிக்கெட் எடுக்கும்முன் பாருங்கள், சாலையின் கடைசிப் பக்கத்திலுள்ள வொண்டர் லேக் ஏரிவரை பஸ் போகும் என்று பழைய கட்டுரைகளில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்.

விளக்கம் சொல்லும் டூர் பஸ் ஒன்று, வெறும் ட்ரான்சிட் பஸ் ஒன்று என இரண்டு வகை. ட்ரான்சிட் விலை குறைவு, 15 வயது வரை பயணக் கட்டணமே இல்லை. ஓட்டுநர் கரடி, காட்டுமான் தென்பட்டால் நிறுத்தத்தான் செய்வார். இரண்டுமே பள்ளிக்கூட பஸ் மாதிரி உயரமான படி கொண்டவை. படி ஏற முடியாதவர்களுக்கு லிஃப்ட் வைத்த பஸ் உண்டு, அம்மாவுக்காக அதை முன்பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். வழியில் சாப்பாட்டுக் கடை கிடையாது. தண்ணீர், சாப்பாடு கையோடு.

நான்கு இரவுக்கு மேல் முடியவே முடியாது என்றால் டால்கீட்னா என்ற சிற்றூருக்குப் போங்கள். ஆங்கரேஜிலிருந்து 185 கிலோமீட்டர்தான், ரயிலில் மூன்று மணி நேரம். டெனாலி சிகரம் 6,190 மீட்டர் உயரம். பூங்கா வாசல் ஹோட்டல்களிலிருந்து அது தெரியாது, சாலையில் சில மைல் உள்ளே போனால்தான் முதல் தரிசனம். டால்கீட்னாவிலோ, வானம் திறந்திருந்தால் ஆற்றங்கரையில் நின்றபடியே பார்க்கலாம். பனியாற்றின் மேல் இறக்கிக் காட்டும் சிறு விமானங்களும் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. எங்கே தங்கினாலும் மேகம் மறைத்துவிட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை. கோடையில் வருபவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குத்தான் சிகரம் கண்ணில் படுகிறது.

சனிக்கிழமை விட்டியர் போவதில் ஒரு சூட்சுமம். ஆங்கரேஜிலிருந்து 97 கிலோமீட்டர்தான். ஆனால் கடைசியில் நான்கு கிலோமீட்டர் சுரங்கப்பாதை. ஒற்றை வழி, ரயிலும் காரும் மாறி மாறிப் போகும். விட்டியர் பக்கம் போக ஒவ்வொரு மணிக்கும் அரை மணி அடிக்கும்போது திறப்பார்கள், தவறவிட்டால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். கப்பல் நிறுவனத்தின் பஸ்ஸையோ ரயிலையோ எடுத்தால் இந்தக் கவலை அவர்களுடையது. உங்கள் குடும்பத்துக்கு அந்தக் கூடுதல் கட்டணம் தகும்.

துறைமுகத்தில் கொடுக்கும் பெட்டி அறைக்கு வர மாலை ஆகிவிடும். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளும் பாஸ்போர்ட்டும் கைப்பையில் இருக்கட்டும். தெற்கு நோக்கி வரும் கப்பலில் திறந்த கடல் ஆரம்பத்திலேயே வரும், அலாஸ்கா வளைகுடாவைக் கடந்த பிறகுதான் தீவுகளுக்கு நடுவே அமைதியான நீர். குமட்டலுக்கு உங்கள் டாக்டர் தரும் மாத்திரையை வயிறு புரட்டிய பிறகு போட்டுப் பயன் குறைவு, ஏறும்போதே போட வேண்டும்.

கேள்வி (திருமங்கலம்): மகன் சியாட்டிலில் ஹெச்-1பி விசாவில் வேலை பார்க்கிறான். சியாட்டிலில் ஏறி சியாட்டிலிலேயே இறங்கும் கப்பல். எங்களுக்கு அமெரிக்க விசா இருக்கிறது. கனடா விசாவும் வேண்டும் என்கிறார்கள். கனடாவில் தங்கவே போவதில்லையே?

பதில்: வேண்டும். உங்கள் இருவருக்கும் மட்டுமல்ல, மகனுக்கும். அமெரிக்காவில் 1886இல் போட்ட பயணிகள் கப்பல் சட்டம் இன்னும் நடப்பில் இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி கட்டிய கப்பல், வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றைத் தொடாமல் அமெரிக்கத் துறைமுகங்களுக்கு இடையே பயணிகளை ஏற்றிச் சுற்ற முடியாது. பெரிய கப்பல்கள் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பனாமா போன்ற நாடுகளில் பதிவானவை. அதனால்தான் சியாட்டில் கப்பல்கள் கடைசி மாலை சில மணி நேரம் கனடாவின் விக்டோரியாவில் நிற்கின்றன. கனடா எல்லையை மூடியிருந்த 2021இல் மட்டும் தனிச் சட்டம் போட்டு விலக்கு தந்தார்கள்.

நீங்கள் கீழே இறங்காமல் அறையிலேயே உட்கார்ந்திருந்தாலும், விசா இல்லாவிட்டால் சியாட்டிலில் ஏற்றவே மாட்டார்கள். அமெரிக்க விசா இருந்தாலும் இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு கனடா விசா தனி. கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் பாஸ்போர்ட்டும் கார்டும் போதும்.

இரண்டு விசாவும் இல்லாதவர்கள் முதலில் அமெரிக்க விசா வாங்கிவிட்டு கனடாவுக்குப் போடுங்கள். இரண்டும் கைக்கு வரும்முன் திரும்ப வராத பணம் எதையும் கட்டாதீர்கள். கப்பலின் முழுத்தொகையை மூன்று, நான்கு மாதம் முன்பே கேட்பார்கள், அந்தக் கடைசித் தேதியைக் காலண்டரில் குறித்துக்கொண்டு விசா வேலையைத் தொடங்குங்கள்.

கேள்வி (மேலூர்): நாங்கள் சுத்த சைவம். பொன்னி அரிசி, குட்டி குக்கர், ஊறுகாய், பொடி எல்லாம் கொண்டுபோகலாமா?

பதில்: பொடியும் ஊறுகாயும் புளிக்காய்ச்சலும் கொண்டுபோங்கள், கடையில் சீல் வைத்த பாக்கெட்டாக. அரிசி வேண்டாம். தானியத்தை அரிக்கும் கப்ரா வண்டுக்குப் பயந்து இந்தியாவிலிருந்து பயணிகள் பெட்டியில் அரிசி கொண்டுவர அமெரிக்காவில் தடை. காய்ந்த கொண்டைக்கடலைக்கும் அதே கதி. பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோய் அதன் வழியாக வரும் என்பது காரணம். வேறு எதைக் கொண்டுபோனாலும் உணவு இருக்கிறது என்று படிவத்திலும் அதிகாரியிடமும் சொல்லிவிடுங்கள். சொன்னால் அதிகபட்சம் தூக்கிப் போடுவார்கள், மறைத்தால் அபராதம்.

குக்கரும் வேண்டாம். அங்கே மின்சாரம் 120 வோல்ட், நம் 230 வோல்ட் குக்கர் வெதுவெதுப்போடு நின்றுவிடும். கப்பலில் கெட்டில், இஸ்திரிப் பெட்டி உட்பட சூடேறும் எதையும் சோதனையிலேயே எடுத்து வைத்துக்கொள்வார்கள். ஆங்கரேஜில் சமையலறை உள்ள அறையாக எடுத்து, அரிசியும் தயிரும் அங்கேயே வாங்குங்கள். டெனாலிக்கும் அங்கிருந்தே கட்டிக்கொண்டு போங்கள், பூங்கா வாசலில் சைவத்துக்குத் தேர்வு குறைவு, விலை அதிகம்.

கப்பலில் இந்திய சைவ உணவு கேட்டால் கிடைக்கும். ஏறிய பிறகு கேட்பதைவிட இடம் பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். ஏறியதும் முதல் இரவே சாப்பாட்டு அறைத் தலைமைப் பணியாளரைப் பார்த்து, அடுத்த நாளுக்கு என்ன வேண்டும் என்று தினமும் முந்தைய இரவே சொல்லிவிட வேண்டும்.

கேள்வி (டி.வி.எஸ். நகர்): எங்கள் கப்பல் வான்கூவரில் கிளம்புகிறது. மே நடுவில் போகிறோம். அதற்கு முன் மூன்று நாளில் கனடா மலைப்பகுதியில் உள்ள பான்ஃப், லேக் லூயிஸ் பார்த்துவிட்டுக் காரிலேயே வான்கூவர் வரலாமா?

பதில்: வேண்டாம். பான்ஃபிலிருந்து வான்கூவர் ஏறக்குறைய 850 கிலோமீட்டர் மலைப்பாதை, ஒரு முழு நாள் சாலையிலேயே போய்விடும். படத்தில் பார்க்கும் அந்த நீலப்பச்சைத் தண்ணீரும் இருக்காது. லேக் லூயிஸ் மே கடைசி, ஜூன் தொடக்கம் வரை உறைந்தே கிடக்கும். மொரெய்ன் லேக் சாலை ஜூனில்தான் திறக்கும், 2023 முதல் அதில் சொந்தக் காரும் அனுமதியில்லை. மூன்று நாளை வான்கூவரிலும் விக்டோரியாவிலும் செலவழியுங்கள். வான்கூவர் பக்கத்து ட்ஸவாஸனிலிருந்து விக்டோரியா பக்கத்து ஸ்வார்ட்ஸ் பேவுக்குப் படகில் 1 மணி 35 நிமிடம், தீவுகளுக்கு நடுவே போகும் அழகான வழி. ஒரு நாள் விஸ்லர் மலை, 120 கிலோமீட்டர்.

கேள்வி (உசிலம்பட்டி): ஆங்கரேஜில் காரை வாடகைக்கு எடுத்து, சுற்றிவிட்டு, சீவர்ட் துறைமுகத்தில் விட்டுவிட்டுக் கப்பல் ஏறலாமா?

பதில்: சீவர்டில் காரைத் திருப்பி வாங்கும் நிறுவனங்கள் குறைவு. கிடைத்தாலும் ஒருவழிக் கட்டணம் தீட்டிவிடுவார்கள். ஆங்கரேஜிலேயே காரைக் கொடுத்துவிட்டு, காலை ரயிலில் சீவர்ட் போங்கள். நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும், அதில் முதல் பாதி கடலோரமாகவே போகும்.

உங்கள் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 4ஏ கொடுத்து சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்குங்கள், ஓராண்டு செல்லும். அதோடு அசல் லைசென்ஸும் கையில் இருக்க வேண்டும், அது இல்லாமல் அனுமதி மட்டும் செல்லாது. 'ஏழு சீட்' என்று போட்டிருக்கும் வண்டியில் ஏழு பேரும் உட்கார்ந்தால் பின்னால் இரண்டு பெட்டிக்குக்கூட இடம் இராது. சீவர்ட் நெடுஞ்சாலையில் பகலிலும் ஹெட்லைட் எரிய வேண்டும். உங்கள் பின்னால் ஐந்து வண்டி சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழி விட வேண்டும், அது அங்கே சட்டம். கப்பிச் சாலைகளில் ஓட்டக் கூடாது என்று பெரும்பாலான வாடகை ஒப்பந்தத்தில் இருக்கும், கையெழுத்துப் போடும்முன் படியுங்கள்.

கேள்வி (சோழவந்தான்): ஜூனில் போகிறோம். கொடைக்கானலுக்கு எடுத்துப்போகும் ஸ்வெட்டர் போதுமா?

பதில்: ஆங்கரேஜில் போதும், அங்கே ஜூன் பகல் நம் கொடைக்கானல் போலத்தான். பனியாற்றின் முன் கப்பல் நிற்கும்போது மேல்தளக் காற்றுக்குப் போதாது. உடம்போடு ஒட்டிய உள்ளாடை, மேலே ஸ்வெட்டர், அதற்கு மேல் தண்ணீர் உள்ளே போகாத தொப்பி வைத்த மழைச்சட்டை என்று மூன்று அடுக்கு. ஜீன்ஸ் நனைந்தால் காயாது. குடையைக் காற்று தூக்கிவிடும். ஜூன், ஜூலையில் உள்நாட்டுப் பகுதியில் கொசு அதிகம், தடவும் மருந்தை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம். ஜூன் நடுவில் ஆங்கரேஜில் சூரியன் இரவு 11.40க்குத்தான் மறையும். பிள்ளைகள் தூங்க ஆளுக்கு ஒரு கண்பட்டை எடுத்துப்போங்கள்.